தவளை வண்டியின் ரிவர்ஸ் லைட்

எனக்குப் பேய் மேல் நம்பிக்கை கிடையாது. இன்ஜினீயரிங் காலேஜில் ஈ.ஈ.ஈ. படித்தவள், அதுவும் அரியர் வைக்காமல். கரண்ட் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று தெரிந்துவிட்டால் பாதிப் பேய் தன்னால் ஓடிவிடும் என்று ஹாஸ்டலில் சீன் போட்டுக்கொண்டு திரிந்தவள். அப்படிப்பட்ட நானே ஒரு சாயங்காலம் எங்கள் கார் ஷெட்டிலிருந்து அந்தப் பாட்டைக் கேட்டேன். பேட்டரி கழற்றி வைத்திருந்த வண்டியிலிருந்து.

அது அப்பாவின் வண்டி. இரண்டே கதவு, இரண்டே சீட், தரையோடு தரையாகப் படுத்துக் கிடக்கும் பழைய ஸ்போர்ட்ஸ் கார். துபாயில் சம்பாதித்த கோட்டயத்துக்காரர் ஒருவர் ஆசையாக வாங்கி, ஓட்ட நேரமில்லாமல் பலா மரத்தடியில் போட்டு வைத்திருந்ததை அப்பா பேசி வாங்கி வந்தார். குமுளிக்கு மேலே எங்களுக்குக் கொஞ்சம் ஏலத்தோட்டம் உண்டு. எங்கள் ஊர் உத்தமபாளையத்தில் மலைத்தோட்டம் வைத்திருப்பவர்கள் எல்லாரும் ஜீப்பில் போவார்கள். எங்கள் அப்பா மட்டும் வதங்கின தக்காளி கலரில் இருக்கும் இந்த வண்டியில் மலையேறுவார். ஒவ்வொரு வேகத்தடையிலும் அடிவயிறு உரசும். ஊரே அதைத் தவளை வண்டி என்றுதான் சொல்லும்.

"ஒரு மூட புண்ணாக்கு ஏத்த முடியாது. இதெல்லாம் ஒரு வண்டியாண்ணே?" என்பார் சித்தப்பா.

"மூட ஏத்தத்தேன் நீ ஜீப்பு வச்சிருக்கியேடா" என்பார் அப்பா.

தவளைக்கு அவர் செய்த ஒரே அலங்காரம் ரிவர்ஸ் பாட்டு. ரிவர்ஸ் கியர் விழுந்ததும் பின்னால் வெள்ளை லைட் எரியும், பம்பருக்குள் ஒரு டப்பா பாடும். என்ன பாட்டு என்று கடைசிவரை யாருக்கும் தெரியாது. சாமி பாட்டும் பிறந்தநாள் பாட்டும் முட்டிக்கொண்ட மாதிரி ஒரு சத்தம். தோட்டத்திலிருந்து வந்து அப்பா ஷெட்டுக்குள் வண்டியைப் பின்னால் தள்ளும்போது அது பாடும். அதைக் கேட்டதும் அம்மா அடுப்பில் தோசைக்கல்லைப் போடுவாள். அவர்களுக்குள் அதுதான் காலிங்பெல்.

கடைசி நாளன்றைக்கும் அப்பா வந்தார். வண்டியைப் பின்னால் எடுத்து ஷெட்டில் விட்டார். சாவியைத் திருப்பி இன்ஜினை நிறுத்தினார். அதற்கு மேல் அவரால் முடியவில்லை. நெஞ்சுவலி. அம்மா அடுப்படியில் சட்னி அரைத்துக்கொண்டு, இன்னும் வரவில்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தாள். இருட்டி ரொம்ப நேரம் ஆன பிறகு போன் போட்டாள். ரிங்டோன் ஷெட்டிலிருந்து கேட்டது.

"கொஞ்சம் முன்னாடி கொண்டுவந்திருந்தா..." என்று ஆரம்பித்த டாக்டர், அம்மாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அத்தை நிறுத்தவில்லை. அப்பாவின் அக்கா, கம்பம் ஊரில் இருப்பது. துக்கத்துக்கு வந்தவர்கள் நடுவில் உட்கார்ந்து, அம்மாவுக்குக் கேட்கிற மாதிரியே சொன்னது: "தெருமுக்கு வரைக்கும் கேக்குற பாட்டு. அடுப்படியில நின்னவளுக்குக் கேக்கலையாக்கும். நாடகம் பாத்துக்கிட்டு இருந்திருப்பா."

அத்தை சொன்னதை அம்மா நம்பிவிட்டாள். அதுதான் பிரச்சினையே.

வேலையை வீட்டிலிருந்து பார்க்கலாம் என்று கம்பெனி விட்டதும் நான் ஊரோடு வந்தேன். வந்த பிறகுதான் கவனித்தேன். பொழுது சாயும்போது அம்மா கையிலிருக்கும் வேலையை அப்படியே போட்டுவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து ஷெட்டைப் பார்ப்பாள். நின்று பார்த்துவிட்டுத் திரும்பி வருவாள். தினமும்.

"என்னம்மா?"

"பாட்டுக் கேட்டுச்சு."

"பேட்டரியே இல்லாத வண்டி எப்பிடிம்மா பாடும்?"

"அது எனக்கும் தெரியும்த்தா. ஆனா கேக்குது. அன்னைக்கும் கேட்ட மாதிரிதேன் இருந்துச்சு. நாந்தேன் வேற யாரு வண்டியோன்னு விட்டுட்டேன் போல."

கவுன்சிலிங் கூட்டிப் போகிறேன் என்றேன். "எனக்கென்ன கிறுக்கா?" என்று அகப்பையை ஓங்கினாள். அதற்கப்புறம் ஒரு சாயங்காலம், ஹெட்போனைக் கழற்றி வைத்த நேரம், எனக்கும் கேட்டது. ரெண்டு வரி. பக்கத்துத் தெருவில் வேறு ஏதாவது வண்டியாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொல்லிக்கொண்டே பார்த்தால், நானும் கொல்லைக் கதவருகில் நின்றுகொண்டிருக்கிறேன், அம்மா பக்கத்தில்.

இதற்கிடையில் வண்டியின் ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. ஆர்.டி.ஓ. ஆபீஸ் ஆய்வாளரிடம் காட்டினால் எல்லா லைட்டும் எரிய வேண்டும். "பேசாம பேரிச்சம்பழத்துக்குப் போட்டுருவோம்" என்றார் சித்தப்பா. அம்மா அவரைப் பார்த்த பார்வையில் மனுஷன் டீயைக் குடிக்காமலே கிளம்பிவிட்டார். சரி, நானே பார்க்கிறேன் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மல்டிமீட்டரோடு ஷெட்டுக்குள் போனேன்.

கதவைத் திறந்ததும் ஏலக்காய் வாசம் முகத்தில் அடித்தது. ஆள் போனாலும் வாசம் அப்படியே உட்கார்ந்திருந்தது. சீட் அப்பாவின் காலுக்கு ஏற்ற மாதிரி கடைசிவரை பின்னால் தள்ளிக் கிடந்தது. எனக்குக் கிளட்ச் எட்டவில்லை. முன்னால் இழுக்கலாம் என்று கைவைத்தபோது வாசலிலிருந்து குரல் வந்தது.

"அந்தச் சீட்டத் தொடாத."

தலையணை எடுத்து முதுகுக்கு வைத்துக்கொண்டேன். கண்ணாடியும் அவர் உயரத்துக்கே திரும்பியிருந்தது. அதில் பார்த்தால் எனக்குச் சுவரின் மேல்பாதிதான் தெரிந்தது.

சித்தப்பா ஜீப்பின் பேட்டரியைக் கெஞ்சி வாங்கி மாட்டினேன். கியர் ரிவர்ஸிலேயே கிடந்தது. மலைப்பாதையில் ஓட்டுகிறவர்கள் ஹேண்ட்பிரேக்கை நம்ப மாட்டார்கள். வண்டியைக் கியரில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைப்பார்கள். அன்றைக்கு அப்பா கியர் மட்டும் போட்டிருந்தார். கல் மூலையிலேயே இருந்தது. அப்புறம் சித்தப்பாதான் எடுத்து வைத்தார். அப்பாவைத் தூக்கினதற்கும் பேட்டரியைக் கழற்றினதற்கும் மேல் யாரும் அந்த வண்டியில் கை வைக்கவில்லை.

சாவியைத் திருப்பினேன். டேஷ்போர்டில் லைட் வந்தது. இறங்கிப் பின்னால் போய்ப் பார்த்தேன். ரிவர்ஸ் லைட் எரியவில்லை. பாட்டும் இல்லை.

அங்கே நின்றபடியே ஒன்று உறைத்தது. கியர் ரிவர்ஸில் இருக்கிறது, சாவி போட்டிருக்கிறது, ஆனால் பாடவில்லை. அப்படியானால் இது எப்போதிலிருந்து பாடவில்லை? இப்போது கெட்டதா, இல்லை, அன்றைக்கே கெட்டிருந்ததா? அன்றைக்கே பாடவில்லை என்றால், அம்மாவுக்குக் கேட்பதற்கு எதுவுமே இருந்திருக்காது.

அதற்குப் பிறகு நான் ஆர்.டி.ஓ. ஆபீஸுக்காக வேலை பார்க்கவில்லை.

முதலில் பல்ப். ரெண்டையும் கழற்றி மீட்டரில் பார்த்தேன், நல்லாத்தான் இருந்தன. பல்ப் ஹோல்டரில் எர்த் சரியாக இருந்தது. ஆனால் கரண்ட் வரவில்லை. ஃபியூஸ் பார்த்தேன், முழுசாக இருந்தது. அடுத்து கியர்பாக்ஸில் இருக்கும் ரிவர்ஸ் ஸ்விட்ச். கியர் விழும்போது அதுதான் லைட்டுக்குக் கரண்டை விடும். பழைய வண்டிகளில் முதலில் சாவது அதுதான் என்று இன்டர்நெட்டில் ஆளாளுக்கு எழுதியிருந்தார்கள். வண்டிக்கு அடியில் ஊர்ந்து போய், அந்த ஸ்விட்சின் ரெண்டு வயரையும் கழற்றி, ஒரு துண்டு வயரால் நேரடியாக இணைத்தேன். அப்போதும் எரியவில்லை. ஸ்விட்ச் மேல் குற்றமில்லை. மீட்டர் வைத்தால் கியர்பாக்ஸ் வரைக்கும் கரண்ட் வருகிறது. பின்னால் பல்புக்குப் போய்ச் சேரவில்லை. நடுவில் எங்கேயோ அறுந்திருக்கிறது.

நடுவில் எலி கடித்திருந்தால்? எங்கள் தெரு எலி ஃபேமஸ். ஜீப் வயரையே தின்னும். எலி எப்போது கடித்தது என்று எந்த மீட்டரும் சொல்லாது. அன்றைக்கு முன்னால் கடித்திருந்தால் அம்மா மேல் தப்பில்லை. அதற்குப் பின்னால் கடித்திருந்தால் எதுவும் மாறாது. என் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு எலிக்காகச் சாமி கும்பிட்டேன்.

"கெடச்சுச்சா?" அம்மா வாசலிலேயே உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"தேடிக்கிட்டு இருக்கேன்."

"என்னத்தத் தேடுற, லைட்டத்தான?"

நான் மீட்டரைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். அவள் கையில் கத்தி நின்றுவிட்டது. அவளுக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

டிரைவர் பக்கம் தரைவிரிப்பைத் தூக்கினேன். எலி இல்லை. கடித்த தடம் இல்லை. வண்டியோடு வந்த கம்பெனி வயரை யாரோ கத்தரித்திருந்தார்கள். கத்தரித்த ரெண்டு முனையிலும் பச்சை வயர் முறுக்கி, டேப் சுற்றி, அதைச் சீட்டுக்கடியில் கொண்டுபோயிருந்தார்கள். விரலால் அந்தப் பச்சை வயரைப் பிடித்துக்கொண்டே போனேன். சீட்டுக்கும் கதவுக்கும் இடையில், வலது கையைத் தொங்கவிட்டால் படுகிற இடத்தில், ஒரு சின்ன ஸ்விட்ச். வீட்டில் நைட்லாம்புக்குப் போடுவோமே, அந்த மாதிரி.

அது அணைத்த நிலையில் இருந்தது.

தொடாமல் கையை எடுத்துவிட்டேன். அங்கே கடைசியாகப் பட்டது அவர் விரல். எவ்வளவோ சாவு வீட்டுப் பொருளைத் தொட்டாயிற்று, சட்டை, செருப்பு, மூக்குக்கண்ணாடி. ஒன்றும் ஆகவில்லை. இந்தக் கறுப்பு பிளாஸ்டிக் துண்டு முன்னால் மட்டும் எனக்கு மூச்சு வாங்கியது. முதலில் போட்டோ எடுத்தேன். பிறகுதான் அழுத்தினேன்.

பின்சுவர் வெள்ளையாக மின்னியது. தவளை பாட ஆரம்பித்தது. அம்மா மடியிலிருந்த வெங்காயமெல்லாம் சிதறியது.

"நிறுத்துத்தா! நிறுத்து!"

நிறுத்தினேன்.

ஸ்விட்ச் எதற்கு என்று எனக்கும் தெரியவில்லை, அம்மாவுக்கும் தெரியவில்லை. எங்கள் ஷெட்டின் பின்சுவருக்கு அந்தப்பக்கம் பள்ளிவாசல். அதை ஒட்டின வீட்டில் மலைச்சரக்குக் கடை வைத்திருக்கும் பாய் மாமாதான் அப்பாவுக்கு ரொம்ப வேண்டியவர். ஒருவரையொருவர் மாமா, மாப்ள என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். போய்க் கேட்டேன். மிளகு அளந்துகொண்டிருந்தவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அந்தச் சுச்சா? மாப்ள வீட்ல சொல்லவே இல்லையா?"

"இல்ல மாமா."

"ஒரு தடவ மக்ரிப் தொழுகையில நிக்கிறோம். செவத்துக்கு அங்கிட்டு உங்கப்பா வண்டி ராகம் எடுக்குது. பின்வரிசையில நின்ன பயலுக சிரிச்சுப்புட்டானுக. வெளிய வந்து, 'மாப்ள, ஒன் தவள கச்சேரிய வேற நேரத்துல வையிய்யா'ன்னேன். வெளையாட்டுக்குத்தேன் சொன்னேன். அடுத்த வாரமே சுச்சு வச்சுட்டாப்ல. சாயங்காலத் தொழுகை நேரத்துல வந்தா அமத்திட்டுத்தேன் உள்ள வருவாப்ல."

"அன்னைக்கு மாமா?"

மிளகுப் படியைக் கீழே வைத்தார்.

"அன்னைக்கு நாங்க தொழுகையில இருந்தோம். முடிச்சிட்டு வாரேன், வண்டி உள்ள நிக்குது. எப்ப வந்தாப்லன்னே தெரியல. ஒரு சத்தமில்ல. வீட்டுக்குள்ள போயிருப்பாப்லன்னு நெனச்சு நானும் போயிட்டேன்." படியை எடுத்தார், அளக்காமல் மறுபடி வைத்தார். "அங்கன எட்டிப் பாத்திருக்கலாம்மா."

பாட்டை அன்றைக்கு யாருமே கேட்கவில்லை. அத்தைதான் கம்பத்தில் உட்கார்ந்துகொண்டு கேட்டிருக்கிறது.

ஓடிவந்து அம்மாவிடம் மூச்சுவிடாமல் சொன்னேன். போட்டோவைக் காட்டினேன். குதிப்பாள், அழுவாள், கட்டிப்பிடிப்பாள் என்றெல்லாம் எதிர்பார்த்தேன். அவள் போட்டோவைப் பெரிசாக்கிப் பார்த்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

"என்னயத் தேத்துறதுக்குச் சொல்ற."

"ஐயோ, பாய் மாமாவையே கேளும்மா!"

"அவுகளும் தேத்துவாக." முந்தானையால் கையைத் துடைத்தாள். "நாளைக்கு நீ இந்த வண்டிய எடு. பாட்டோட ஒரு நாளு வா, பாட்டில்லாம ஒரு நாளு வா. எது எந்த நாளுன்னு சொல்லாத. நான் அடுப்படியில என் வேலையப் பாப்பேன். கேக்குதான்னு பாப்போம்."

நாலு வருஷம் லேப் ரெக்கார்டு எழுதியிருக்கிறேன். இவ்வளவு கிளியராக ஒரு எக்ஸ்பெரிமென்ட்டை எனக்கு யாரும் சொன்னதில்லை.

முதல் நாள் ஸ்விட்சைப் போட்டுவிட்டு வந்தேன். பொழுது சாய்வதற்கு முன்பே, தொழுகைக்கு இடைஞ்சல் இல்லாத நேரமாகப் பார்த்து. ரிவர்ஸ் போட்டு, பாட்டின் முதல் வரி முடிவதற்குள் கொல்லைக் கதவு திறந்தது. கையில் தோசைத் திருப்பியோடு அம்மா நின்றாள். மிக்ஸி ஓடியும், எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடியும் அடுப்படிக்கு அந்தப் பாட்டு கேட்கத்தான் செய்கிறது. அத்தை சொன்னதில் அந்தப் பாதி உண்மை. அன்று ராத்திரி அம்மா சாப்பிடவில்லை.

மறுநாள் பாங்கு சொல்லி முடியும்வரை தெருமுக்கில் நின்றேன். பிறகு உள்ளே வந்தேன். வலது கையைத் தொங்கவிட்டேன். அது தானாகவே அந்த இடத்துக்குப் போனது. அமத்தினேன். ரிவர்ஸ் போட்டேன். பின்னால் வெளிச்சம் இல்லை. இருட்டுக்குள் இருட்டாக வண்டியைத் தள்ளி நிறுத்திச் சாவியைத் திருப்பினேன்.

இறங்கவில்லை.

சுவருக்கு அந்தப்பக்கம் தொழுகை நடந்துகொண்டிருந்தது. அங்கிருந்து சத்தமே இல்லை. அடுப்படி ஜன்னலில் மஞ்சள் வெளிச்சம், அம்மாவின் நிழல் வந்து வந்து போனது. மிக்ஸி ஓடி நின்றது. ஏதோ பாத்திரம் விழுந்தது. கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான். ஆனால் கூப்பிட முடியாத ஒருத்தருக்கு அது எவ்வளவு தூரம் என்று அந்தச் சீட்டில் உட்கார்ந்தால்தான் தெரிகிறது. அவளுக்குக் கேட்கக்கூடாது, வரக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அதே நேரம், வாம்மா, வந்துடும்மா, என்று யாரோ உள்ளுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அது என் குரல் மாதிரி இல்லை. தலையணையை மீறி முதுகில் சீட்டின் குழி தட்டியது. ஏலக்காய் வாசம் கூடிக்கொண்டே போனது. திரும்பிப் பக்கத்துச் சீட்டைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. நான் உட்கார்ந்திருப்பதுதான் அவர் சீட் என்பதுகூட அப்போது மறந்துபோயிருந்தது.

அவள் வரவில்லை. தொழுகை முடிந்து ஆட்கள் பேசிக்கொண்டு போனார்கள். அவள் வரவில்லை.

வெகு நேரம் கழித்துக் கொல்லைக் கதவு திறந்தது. கையில் குப்பை வாளி. கொட்ட வந்தவள், ஷெட்டுக்குள் வண்டியைப் பார்த்து வாளியைக் கீழே விட்டாள்.

"நீ எப்பத்தா வந்த?"

நான் கதவைத் திறந்தேன்.

"வந்து ரொம்ப நேரமாச்சா?"

தலையாட்டினேன்.

"கேக்கவே இல்லையே" என்றாள். பிறகு மெதுவாக, அந்த வார்த்தையை முதல்முறையாகச் சொல்கிற மாதிரி, "எனக்குக் கேக்கவே இல்லையே" என்றாள். நடந்து வந்து, என் கையைப் பிடித்து வெளியே இழுத்து, என் நெஞ்சில் கைவைத்துப் பார்த்தாள். அது அடித்துக்கொண்டிருந்தது. அப்படியே வண்டியின் மூக்கில் சாய்ந்துகொண்டு அழுதாள். அவளை நான் தேற்றவில்லை. அழட்டும் என்று விட்டுவிட்டேன்.

உள்ளே போகும்போது, "சில நாளு பாட்டே இல்லாம வந்து அடுப்படியில நிப்பாக. ஏ புள்ள, கல்லப் போடும்பாக. நாந்தேன் கவனிக்கலன்னு நெனச்சுக்குவேன்" என்றாள். அப்புறம், "உங்க அத்தைட்ட இதச் சொல்லாத" என்றாள்.

"ஏம்மா? நாளைக்கே கம்பம் போயி மூஞ்சிக்கு நேரா கேக்கப்போறேன்."

"வேணாம். அவுகளுக்குத் தம்பி போயிட்டாக. திட்டுறதுக்காவது ஆளு இருக்கட்டும்."

பச்சை வயரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அதைச் செய்த மெக்கானிக் யாரோ, சோம்பேறி. பாட்டு டப்பாவுக்குப் போகும் வயரை மட்டும் வெட்டியிருந்தால் போதும். பின்னால் போய்ப் பம்பரைக் கழற்ற வேண்டுமே என்று, லைட்டுக்கும் பாட்டுக்கும் சேர்த்துப் போகும் ஒரே வயரை முன்னாலேயே வெட்டிவிட்டான். பாட்டை அமத்தினால் லைட்டும் செத்துவிடும். லைட் மட்டும் எரிந்திருந்தால், அந்த வெளிச்சம் பின்சுவரில் பட்டு அடுப்படி ஜன்னலுக்கு வந்திருக்கும். நான் நின்று பார்த்துவிட்டேன், வரும். பாத்திர அலமாரியே மின்னும். இதை அம்மாவிடம் நான் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். பம்பரைக் கழற்றி, வயரை மாற்றினேன். இப்போது ஸ்விட்ச் பாட்டை மட்டும் அமத்தும். ரிவர்ஸ் போட்டால் லைட் எப்போதும் எரியும். ஆய்வாளர் பின்னால் நின்று பார்த்துத் தலையாட்டி அனுப்பிவிட்டார்.

அம்மா இப்போது கொல்லைக் கதவுக்குப் போவதில்லை. பாட்டும் கேட்பதில்லை என்கிறாள்.

போன வாரம் பாங்கு முடிந்த நேரம், நானும் அவளும் அடுப்படியில் நின்றுகொண்டிருந்தோம். வண்டி ஷெட்டில் இருந்தது, சாவி என் பாக்கெட்டில். எவர்சில்வர் தட்டுகள் மேல் வெள்ளையாக ஒரு வெளிச்சம் விழுந்து நின்றது. ரெண்டு பேரும் பார்த்தோம்.

"வயர் எங்கயாச்சும் ஒரசுதுபோல. மீட்டர எடுத்துட்டுப் போயிப் பாக்குறேன்" என்றேன்.

"விடுத்தா" என்று அம்மா தோசைக்கல்லை அடுப்பில் போட்டாள். "அதுவா அமந்துரும்."

அமந்தது. அந்த ஃபால்ட்டை மட்டும் நான் இன்னும் தேடவில்லை.